சாவியில்லாத பெட்டி

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கிறோம், அந்த மட்டில் சுகம்தான். நீ சுகமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வாய், பெற்றவளுக்கு அது தெரியாதா, அதனால் உன் இடுப்பு சுகமா என்று மட்டும் கேட்கிறேன், அதற்காவது உண்மையைச் சொல். காகிதத்தைப் பார்த்துவிட்டு இது என்ன குப்பை என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் துணி மடிக்கிற மேஜையில் தினமும் மிஞ்சுகிற சீட்டுகள் இவை, ஒரு பக்கம் எத்தனை விரிப்பு எத்தனை தலையணை உறை என்று அச்சடித்திருக்கும், மறுபக்கம் வெள்ளை, அந்த வெள்ளைக்கு நான் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்தத் தடவை கடிதம் நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அப்பாவின் வெல்டிங் பட்டறை முதலாளியுடைய மருமகன் நாளைக்கு உன் பக்கம் விமானம் ஏறுகிறார், கையோடு கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், தபால் செலவு இல்லை, எடைக்குப் பயப்படாமல் எழுதலாம். பார், இப்படிப்பட்ட நேரத்திலும் உன் அம்மாவுக்குக் கணக்குதான் முதலில் வருகிறது. ஒரு வருஷமாக அப்படியே பழகிவிட்டது.

சுற்றி வளைக்காமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிடாதே. எழுதி வைத்திருந்தால் பையிலேயே இருக்கட்டும், ஏற்கெனவே கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கிக்கொள். பணம் முழுசாக அவர்கள் கைக்கு வந்து சேராமல் நீ அந்தக் கடிதத்தைக் கொடுத்தால் வேலையும் போய்விடும், உன் சான்றிதழும் அவர்கள் அலமாரியிலேயே கிடக்கும், தெரியாத ஊரில் நடுத்தெருவில் நிற்பாய். இதை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ விடுதி வார்டன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறாய், பின்னால் நாலு பெண்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள், அங்கே நின்று உன்னால் அழக்கூட முடியாது. அதுவும் போகட்டும், இங்கே போனைக் கையில் வைத்திருப்பது அப்பா. "அவளுக்குத் தெரிய வேணாம், கடைசி நாள் வரைக்கும் பாக்கலாம்" என்று என்னிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறார். நான் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இப்போது பட்டறைக்குப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். போன வருஷம் நீ போனில் "அம்மா, கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியலம்மா" என்று சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதியோர் இல்லத்து வேலை என்றால் மருந்து எடுத்துக் கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உன்னைவிட இரண்டு மடங்கு கனமானவர்களைத் தனியாளாகத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லவே இல்லை. நாலு வருஷ ஒப்பந்தம், நடுவில் விட்டு வர வேண்டுமானால் விடுவிப்புத் தொகை, அதையும் வருஷத்தில் ஒப்பந்தம் போட்ட அந்த ஒரு மாதத்தில்தான் மொத்தமாகக் கட்ட வேண்டும், மாதம் தாண்டினால் இன்னொரு வருஷம் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். இதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது, நாம் மூன்று பேரும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம், இப்படி ஆகும் என்று யார் கண்டது. நீ அனுப்புகிற சம்பளம் உன்னை அனுப்ப வாங்கிய கடனுக்கே சரியாகப் போகிறது. அதனால் விடுவிப்புத் தொகையை நாங்கள் இரண்டு பேரும்தான் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். இந்த வருஷத்து ஒப்பந்த மாதத்துக்குள் மொத்தம் இவ்வளவு, அப்படியென்றால் மாதத்துக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு என்று அப்பா இரும்பில் கோடு போடுகிற சாக்பீஸால் சமையலறைச் சுவரில் எழுதினார். வாரத்துத் தொகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் இரண்டு பேர் கூலியில் பாதிக்கு மேல் இருந்தது. அப்பா சிரிக்கவில்லை.

பணத்தைப் பேங்கில் போட வழியில்லை, கணக்கில் எது விழுந்தாலும் கடன் பாக்கிக்கென்று அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் வைக்கலாம் என்றால் உன் அப்பாவின் கை உனக்குத் தெரியும். முதலில் பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தேன், இரண்டாவது வாரமே டின் லேசாகிவிட்டது. கேட்டால், டீக்கடைக்காரர் குழந்தைக்குக் காய்ச்சலாம், "திங்கக்கிழமை குடுத்துடுவாரு" என்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். யார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாலும் கை தானாகப் பைக்குள் போய்விடுகிற மனுஷர். ஆனால் அன்றைக்கு அவருக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு இரும்புப் பெட்டி செய்துகொண்டு வந்தார், ஆறு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே நோட்டு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டிருந்தார். மூடி இல்லை, பூட்டு இல்லை. இது என்ன கூத்து என்று கேட்டேன். "பூட்டுன்னா சாவி இருக்கும், சாவி இருந்தா நான் இருப்பேன். அறுத்தாத்தான் தொறக்கணும், அதுதான் எனக்குச் சரி" என்றார். தன்னைத் தானே இப்படி எடைபோட்டு வைத்திருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூலையில் உட்கார்ந்து போடுவதையெல்லாம் தின்றுகொண்டு ஒரு காசும் திருப்பித் தராமல் இருந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்பதுதான் கேள்வி. நீயும் போனில் தவறாமல் மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று விசாரிப்பாய்.

எப்படிச் சேர்த்தோம் என்று நினைத்தால் எனக்கே இப்போது நம்ப முடியவில்லை. முதல் மாதமே என் கம்மலை விற்ற பணமும் அப்பாவுக்கு வந்த போனஸும் அப்படியே உள்ளே போயின, பெரிய நோட்டுகள் எல்லாம் அடியில். அதற்குப் பிறகு சில்லறையோடு மல்லுக்கட்டுதான். கூலி வந்த அன்றே வாடகைக்கு ஒரு உறை, கரண்டுக்கு ஒரு உறை, சாப்பாட்டுக்கு வாரத்துக்கு ஒரு உறை என்று பிரித்துவிடுவேன். சாப்பாட்டு உறை வெள்ளிக்கிழமையே காலியானால் மிச்ச நாளை இருக்கிறதை வைத்து ஒப்பேற்ற வேண்டும், மாப்பிள்ளை பங்கில் மட்டும் கை வைக்கக்கூடாது. பஸ்ஸை விட்டு இரண்டு பேரும் நடந்தோம். அப்பா சிகரெட்டை விட்டார், விட்ட புதிதில் அவர் என் மேல் எரிந்து விழுந்ததற்கெல்லாம் அபராதம் போட்டிருந்தால் மாப்பிள்ளை அப்போதே நிரம்பியிருப்பார். பாலை நிறுத்தி வெறும் டீ, அதுவும் ஒரே தூளை இரண்டு தடவை கொதிக்கவைத்து. இரண்டாவது தடவை வருவதை டீ என்று சொன்னால் டீயே கோபித்துக்கொள்ளும். மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் அடிபட்ட தக்காளியும் வாடின கீரையும் பாதி விலை, என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்காரி "வந்துட்டாங்கப்பா" என்று தராசைக் கீழே வைத்துவிடுவாள். சோப்புத் துண்டுகளைச் சேர்த்து நனைத்து உருட்டி மறுபடி ஒரு சோப்பு. அப்பாவுக்கு முடி வெட்டுவதும் நான்தான், முதல் தடவை வெட்டிவிட்ட பிறகு கொஞ்ச நாள் தொப்பியோடுதான் பட்டறைக்குப் போனார். எதிர்வீட்டுத் தையற்காரிக்கு வாய் சும்மா இருக்குமா, "இப்படிக் கஞ்சப் பிசினாறி ஆயிட்டீங்களே" என்று தெருவில் வைத்தே கேட்டாள். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை கண்ணு. ஒவ்வொரு நோட்டை உள்ளே தள்ளும்போதும் உன் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது.

அந்த ஆசையில்தான் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அப்பா இல்லாத நேரத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பேன், கனம் ஏறியிருக்கிறதா என்று. நோட்டுக்கு என்ன பெரிய கனம், எல்லாம் சில்லறையின் கனம்தான், ஆனாலும் போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியிருக்கிறது என்று தோன்றும். இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே ஒரு சுற்று நடப்பேன், குழந்தையில் உன்னை வைத்துக்கொண்டு நடந்த மாதிரி. வருஷம் பாதி தாண்டியிருக்கும், ஒரு நாள் பாத்திரம் கழுவின ஈரக் கையோடு தூக்கிக் கீழே போட்டேன். ஒரு மூலையில் வெல்டிங் ஒட்டு விட்டு விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்துகொண்டது. சாயங்காலம் அப்பாவிடம் கை நழுவிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "ஊர்ல இருக்கிற கேட்டுக்கெல்லாம் வெல்டிங் வைக்கிறவரு, சொந்த வீட்டுப் பெட்டிக்கு இப்படியா வைப்பாரு" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்றது, முகத்திலேயே தெரிந்தது. அவர் செய்த சமையலை, வெட்டின விறகை, எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், அவர் வைத்த ஒட்டு விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லக்கூடாது. மறுநாள் அதைப் பையில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போய், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, ஈரச் சாக்கைச் சுற்றி வைத்து அந்த மூலையில் ஒரு சின்ன ஒட்டு வைத்துவிட்டார். உள்ளே பணம் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்ற அவசரம் வேறு. எண்ணெய் டாங்கியில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் முதலில் உள்ளே தண்ணீரை நிரப்புவார்களாம், இதில் தண்ணீர் ஊற்ற முடியாதே, கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலைதானே என்று நினைத்துவிட்டார். சூடு ஆறினதும் ஆட்டிப் பார்த்திருக்கிறார், சில்லறைச் சத்தம் கேட்டது, கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் லேசாகக் கருகின வாடை அடித்தது. நாள் முழுக்க இஸ்திரிச் சூட்டில் நின்றுவிட்டு வருகிறேனே, என் துணியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து நான் போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. புதிதாக வந்த பெண் இந்தக் குளிருக்கே நடுங்குகிறாள், என் தடிமனான கம்பளியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், குளிர் முற்றுவதற்குள் நான் நம் வீட்டில் இருப்பேன், எனக்கு எதற்கு அது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என் பொண்ணுடி, கை அப்படியே என் கை" என்று பூரித்துப்போனார். அந்தக் கையைத்தான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் லீவு நாளன்று மத்தியானம் மாப்பிள்ளையை நடுவீட்டில் எடுத்து வைத்தோம். பட்டறை மெஷினில் அறுத்தால் ஒரு நொடி வேலை, "தீப்பொறி நோட்டு மேல பட்டுச்சுன்னா?" என்று பயந்து கையால் அறுக்கிற ரம்பத்தைக் கொண்டுவந்திருந்தார். நான் பெட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவர் வியர்வை சொட்டச் சொட்ட அறுத்தார், நடுவில் பிளேடு உடைந்தபோது "மாப்பிள்ளை முரண்டு பண்றாருடி, பொண்ணை அனுப்ப மனசில்ல போல" என்று வேடிக்கை வேறு. மேல் தகட்டைத் தூக்கினதும் புது நோட்டுகள், நான் விரிப்பை விரித்து அடுக்கத் தொடங்கினேன். கொஞ்சம் கீழே போனதும் ஓரம் பழுப்பாக வந்தது. அதற்குக் கீழே ஒரு மூலையே இல்லாமல் வந்தது. இன்னும் கீழே கையை விட்டு எடுத்தார், கை கறுப்பாக வந்தது. மறுபடி விட்டார், மறுபடி கறுப்பு. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை, எலியா, எலியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "எலி இல்லடி, நான்" என்றார். அந்த ஒட்டு வைத்த மூலையில் பிடித்த கனல், வெளியே புகையைக் காட்டாமல், உள்ளேயே மெல்லத் தின்றுவிட்டு அணைந்திருக்கிறது. அதற்குப் பிறகு மாசக்கணக்காக நாங்கள் அந்தக் கரிக்கு மேலேயே நோட்டைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அப்போது நான் அவரை என்னென்ன சொன்னேன் என்று முழுசாக எழுதமாட்டேன். இத்தனை வருஷம் வாங்க போங்க என்று பேசின வாயில் நீ என்று வந்துவிட்டது. என் பெண்ணின் இடுப்பை நீதான் ஒடித்தாய் என்று சொல்லிவிட்டேன். கரி படிந்த கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கருகினதையெல்லாம் உதிர்ந்துவிடாமல் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி எடுத்துக்கொண்டு, நம் பேங்குக்குப் போனால் கடனுக்குப் பிடித்துக்கொள்வார்கள் என்று, ஊரின் அந்தக் கோடியில் யாருக்கும் எங்களைத் தெரியாத ஒரு பேங்குக்கு நடந்தே போனோம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள், இதற்கு முழு மதிப்பு, இதற்குப் பாதி, இதற்கு ஒன்றும் வராது. அந்த ஒன்றும் வராத குவியல்தான் ஏறிக்கொண்டே போனது, என் கம்மல் அதில்தான் இருந்திருக்கும். எப்படி எரிந்தது என்று எழுத வேண்டுமாம், கேட்டாள். அப்பா கண்ணாடியில் ஒட்டியிருந்த எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தாம்மா, அடுப்புல தவறிப் போட்டுட்டேன்" என்று நான் சொல்லிவிட்டேன். முதல் நாள் அத்தனை பேச்சுப் பேசின வாய்தான் அதையும் சொன்னது, ஏன் என்று தெரியவில்லை. முப்பது வருஷம் நெருப்போடு வேலை செய்த மனுஷர் ஒரு சின்னப் பெண் முன்னால் அதைச் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடைசியில் கையில் வந்ததைப் பார்த்தால், சுவரில் எழுதிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அன்றிலிருந்து ஓடாத ஓட்டம் இல்லை. அப்பாவின் அக்கா, உன் பெரிய அத்தை, மருந்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தாள், வாங்கவே கை கூசிற்று, வாங்கிக்கொண்டேன். பட்டறை முதலாளி இரண்டு மாதக் கூலியை முன்பணமாகக் கொடுத்தார், அதை எப்படி ஈடுகட்டப் போகிறோம் என்று இப்போது யோசிக்கவில்லை. யாருக்கெல்லாமோ வாரிக் கொடுத்த உன் அப்பா அவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டிப் பார்த்தார். வாங்கினவர்களில் பாதிப் பேர் வீட்டில் இல்லை, குரல் மட்டும் உள்ளே இருந்தது. டீக்கடைக்காரர் ஒருத்தர்தான் கல்லாவைத் திறந்து இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்தார், அவரைப் போய் நான் அத்தனை நாள் கரித்துக்கொட்டினேன். தையற்காரி ஒரு சாயங்காலம் வந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை மேஜை மேல் வைத்தாள். "கஞ்சப் பிசினாறின்னு சொன்னேன்ல, அதுக்கு அபராதம்" என்று சொல்லிவிட்டு, நான் எதுவும் பேசுவதற்குள் போய்விட்டாள். வட்டிக்குக் கொடுப்பவரிடமும் போனோம், ஏற்கெனவே கடன் இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று உட்காரவே சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்தும் மொத்தத்தில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி நிற்கிறது, இந்த மாதம் முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது. ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போய், இவ்வளவு இருக்கிறது, இதை வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு இரண்டு மாதம் தவணை கொடுங்கள் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். "முழுசா இருந்தா வாங்க, இல்லேன்னா அடுத்த வருஷம் வாங்க" என்று அந்த ஆள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். அவனைச் சொல்லி என்ன, அந்தத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. திரும்பி வரும்போது மாடிப்படியில் அப்பா கைப்பிடியில் ஒரு ஒட்டைத் தடவிப் பார்த்தார், அவர் பட்டறையில் செய்ததாம்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், எனக்கு அவரை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். பட்டறையில் அன்றிலிருந்து வெல்டிங் கோலைத் தொடவில்லையாம், ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிச் செய்கிறாராம், அதற்குக் கூலியும் குறைவு, முதலாளி என்னிடம் சொன்னார். இந்த நேரத்தில் இது என்ன வீம்பு என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். "கை நடுங்குதுடி" என்றார். சேர்கிற பணத்தை மறுபடியும் அதே பழைய பிஸ்கட் டின்னில்தான் போடுகிறோம், அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது, திறந்தபடி மேஜை மேலேயே இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற மனுஷர் இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. கூலியை என் கையில் கொடுத்து "நீயே போட்டுடு" என்று தள்ளி நிற்கிறார். டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்க் குடத்துக்குக்கூட என்னைத்தான் அனுப்புகிறார். அவர் கை தாராளம் என்று எத்தனை வருஷம் புலம்பியிருப்பேன், அந்தக் கையே எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

நாங்கள் விட்டுவிடவில்லை, கடைசி நாள் வரைக்கும் முட்டி மோதிப் பார்ப்போம். சலவைக்கூடத்தில் இரண்டு ஷிப்ட் வேலை கேட்டிருக்கிறேன், மேற்பார்வையாளர் நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். எப்படியாவது பணம் முழுசாகிவிட்டால் அப்பா நடுவாரத்திலேயே வார்டன் போனுக்குக் கூப்பிடுவார், நாள் கிழமை இல்லாமல் மணி அடித்து உன்னைக் கூப்பிட்டார்கள் என்றால் நல்ல சேதி என்று ஓடி வா. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குத்தான் அடிக்கிறது என்றால் அப்பாவிடம் எதுவும் கேட்காதே கண்ணு. இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதே. அவர் எப்படிச் சொல்ல நினைக்கிறாரோ அப்படிச் சொல்லட்டும், நீ புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். உனக்குக் கோபம் வரும், வராமல் இருக்காது, அந்தக் கோபத்தை எனக்கு எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். அப்புறம், மத்தியானச் சாப்பாட்டை விட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, இன்றோடு அதை நிறுத்து. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பது எங்களோடு போகட்டும், நீ ஆள் தூக்குகிறவள், வெறும் வயிற்றோடு தூக்கினால் இருக்கிற இடுப்பும் போய்விடும். யார் என்ன சொன்னாலும் தனியாகத் தூக்காதே, இரண்டாவது ஆள் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில், திட்டினால் திட்டு வாங்கிக்கொள், திட்டில் எலும்பு முறியாது. படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொள், இங்கே ஆஸ்பத்திரி நர்சு சொன்னாள். தைலம் தீர்ந்திருந்தால் எழுது, இதைக் கொண்டுவருகிறவர் திரும்பவும் வருவார்.

வாசலில் அப்பா செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, முடித்துவிடுகிறேன். கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும், உன் உடம்பில் ஒரு குறையும் வராமல் காப்பாற்றட்டும், நீ நீண்ட காலம் நன்றாக இருப்பாய், என் வாயால் சொல்கிறேன், அது பலிக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. புதிதாக வந்த அந்தப் பெண்ணிடம் போய் உன் கம்பளியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள். கொடுத்ததை எப்படிக் கேட்பது என்று வெட்கப்படாதே, என் அம்மா கேட்கச் சொன்னாள் என்று சொல். அங்கே குளிர் வரப்போகிறது கண்ணு.

உன் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிற
உன் அம்மா